தாவீதின் உடன்படிக்கை

தாவீதின் உடன்படிக்கை என்பது, தாவீது அரசரின் மரபும் அரசும் என்றென்றும் நிலைபெறும் என்று இசுரயேலின் கடவுள் அளித்ததாக எபிரேய விவிலியம் கூறும் வாக்குறுதி ஆகும். இது சாமுவேல் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில், நாத்தான் என்னும் இறைவாக்கினர் தாவீதுக்கு அறிவிக்கும் செய்தியாக இடம்பெற்றுள்ளது. யூதர்களின் மெசியா எதிர்பார்ப்புக்கும், கிறித்தவர்கள் இயேசுவைத் தாவீதின் மகன் என அழைப்பதற்கும் இப்பகுதியே வேராக விளங்குகின்றது.

இவ்வாக்குறுதி நிபந்தனையற்றதா, அல்லது அரசர் கடவுளின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதைப் பொறுத்ததா என்னும் கேள்விக்கு இறைவாக்கு நூல்கள் ஒரே விடையைத் தருவதில்லை. கி.மு. 586இல் (சிலர் 587 என்பர்) பாபிலோனியர் எருசலேமை அழித்து, தாவீதின் மரபில் வந்த கடைசி அரசரைச் சிறைபிடித்துச் சென்றபோது, இக்கேள்வி நாடிழந்த மக்களின் வாழ்வுச் சிக்கலாயிற்று. வாக்களித்தவர் பொய்த்துவிட்டாரா, அல்லது வாக்கைப் பெற்றவர்கள் தவறிவிட்டனரா என்று அவர்கள் கேட்டாக வேண்டியிருந்தது.

சென்னை மயிலாப்பூரில் உள்ள சாந்தோம் பேராலயம் உள்ளிட்ட கத்தோலிக்கத் திருத்தலங்களில் நாத்தானின் வாக்கு இன்றும் கிறித்துமசுக்கு முந்திய நாட்களில் வாசிக்கப்படுகின்றது. அவ்வாசகத்தில் விடப்பட்டுள்ள வரிகள் பற்றி இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் காண்க.

நூல்களும் சொற்களும்

தமிழ் விவிலியத்தில் யோசுவா, நீதித் தலைவர்கள் (நியாயாதிபதிகள்), சாமுவேல், அரசர்கள் (இராஜாக்கள்) ஆகியவை வரலாற்று நூல்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. கிரேக்க, இலத்தீன் மரபுகளைப் பின்பற்றிய வரிசை இது. எபிரேய மரபில் இந்நூல்கள் நெவியிம், அதாவது இறைவாக்கினர் என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதியின் முற்பகுதி இவை, எசாயா முதல் மலாக்கி வரையுள்ள நூல்கள் பிற்பகுதி. இவ்வரிசையை மனத்திற் கொண்டு வாசித்தால், அரசர்கள் நூல் வெறும் ஆட்சிக்குறிப்பு அன்று, ஒவ்வொரு அரசரையும் இறைவாக்கின் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் நூல் என்பது விளங்கும்.

சொற்களில் தமிழ்ப் பதிப்புகள் வேறுபடுகின்றன. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய பதிப்பு தீர்க்கதரிசி, கர்த்தர், வாக்குத்தத்தம், கிருபை ஆகிய சொற்களை ஆளுகின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இறைவாக்கினர், ஆண்டவர், வாக்குறுதி, பேரன்பு எனத் தமிழ்ப்படுத்துகின்றது. உடன்படிக்கை என்பது இரு மரபினர்க்கும் பொதுவான சொல். எபிரேயத்தில் அது பெரித். வாக்குறுதிக்கு எபிரேயத்தில் தனிச்சொல் இல்லை. கடவுள் 'சொன்னார்' என்பதே அங்கு வாக்களித்தார் என்னும் பொருளையும் தரும். பெரித் என்னும் சொல் 2 சாமுவேல் 7இல் ஓரிடத்திலும் வருவதில்லை என்பதும் கருதத்தக்கது. தாவீதின் இறுதிச் சொற்களாகத் தரப்படும் 2 சாமுவேல் 23:5இலேயே என்றுமுள உடன்படிக்கை என்னும் பெயர் இதற்கு வாய்க்கின்றது.

கீழ்ப்படிதலைக் குறிக்கும் எபிரேய வினை சாமா. அதன் முதற்பொருள் காதால் கேட்டல். பிள்ளை சொல் கேட்கவில்லை என்று தமிழில் கூறும்போது எப்பொருள் கொள்கிறோமோ அப்பொருளே இங்கும். இவ்வகையில் தமிழர்க்கு இந்நூல்கள் பல ஐரோப்பிய மொழியினர்க்கு இருப்பதைவிட எளிதில் திறக்கின்றன எனலாம்.

சவுல்

இசுரயேலின் முதல் அரசர் சவுலின் பெயருக்குக் கேட்டுப் பெறப்பட்டவர் என்பது பொருள். அண்டை நாடுகளைப்போல் எங்களுக்கும் ஓர் அரசர் வேண்டும் என மக்கள் கேட்க, சாமுவேல் அரசரால் நேரும் கேடுகளை எடுத்துரைக்கிறார் (1 சாமுவேல் 8). அரசர் பிள்ளைகளைப் படைக்கும் பணிக்கும் பிடித்துக்கொள்வார், நல்ல வயல்களையும் தோட்டங்களையும் பறித்துத் தம் அலுவலர்க்கு ஈவார், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வார் என்பது அவ்வெச்சரிக்கை. முடியாட்சி தொடங்கும் முன்பே அதன்மேல் ஐயம் எழுப்பப்படுவது இந்நூல்களின் தனித்தன்மையாகும்.

அமலேக்கியரை வென்ற சவுல், கட்டளைக்கு மாறாக அவர்களின் மன்னன் ஆகாகையும் கொழுத்த கால்நடைகளையும் உயிருடன் விட்டுவைக்கிறார்; பலியிடவே விட்டுவைத்தோம் எனக் காரணமும் கூறுகிறார். பலியைவிடச் சொல் கேட்பதே மேல் என்று சாமுவேல் மறுமொழி உரைத்து, ஆட்சி அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாக அறிவிக்கிறார் (1 சாமுவேல் 15). கேட்டுப் பெற்ற அரசர் கேளாமற்போனார் எனத் தமிழில் ஒரே வினையால் இதனைச் சொல்லிவிடலாம். எபிரேயத்தில் கேட்டுப்பெறுதலும் செவிமடுத்தலும் வெவ்வேறு வினைகள். இக்கதையின் கொடிய பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. சவுல் மீறியதாகச் சொல்லப்படும் கட்டளை ஓர் இனத்தாரை முற்றாக அழிக்கும் கட்டளை. யூத, கிறித்தவ உரையாசிரியர் பலரை இது நெடுங்காலமாக இடர்ப்படுத்தி வந்துள்ளது.

சவுலின் ஆட்சி என்றும் நிலைத்திருக்கக்கூடும், கீழ்ப்படியாமையால் அது நிலைக்காது என்று சாமுவேல் முன்னரே கூறியிருந்தார் (1 சாமுவேல் 13:13-14). தாவீதுக்கு அளிக்கப்படும் வாக்கு இதற்கு நேர்மாறானது.

நாத்தானின் வாக்கு

எருசலேமில் கேதுரு மர அரண்மனையில் குடியேறிய தாவீது, கடவுளின் பேழை கூடாரத்தில் இருப்பதை எண்ணி அதற்கு ஓர் இல்லம் எழுப்ப விரும்புகிறார். நாத்தான் முதலில் உடன்படுகிறார். அன்றிரவு அவருக்கு வேறு செய்தி வருகின்றது: தாவீது கடவுளுக்கு வீடு கட்டப்போவதில்லை, கடவுளே தாவீதுக்கு ஒரு வீட்டைக் கட்டுவார். முதல் வீடு ஆலயம். இரண்டாவது அரச மரபு. பாயித் என்னும் ஒரே எபிரேயச் சொல் இரண்டையும் குறிப்பதால் இச்சிலேடை அமைகின்றது. தமிழில் வீடு என்றால் மரபு என்னும் பொருள் உடனே தோன்றாது. ஆயினும் கோயில் என்னும் சொல்லில் கோவின் இல்லமும் இறைவனின் இல்லமும் ஒன்றாயிருப்பதை அறிந்த தமிழர்க்கு இதன் சுவை எட்டாததன்று. எருசலேம் ஆலயத்தைக் குறிக்கும் ஏகால் என்னும் எபிரேயச் சொல்லும் அரண்மனை, ஆலயம் ஆகிய இரண்டையும் சுட்டும். பெரிய வீடு எனப் பொருள்படும் சுமேரியச் சொல்லிலிருந்து அது வந்தது.

வாக்கின் உள்ளடக்கம் நுணுகி நோக்கத்தக்கது. தாவீதின் வழித்தோன்றலுக்குக் கடவுள் தந்தையாயிருப்பார், அவர் மகனாயிருப்பார். அவர் தவறிழைத்தால் மனிதர் கையாளும் கோலால் அடித்துத் திருத்துவார்; ஆனால் சவுலிடமிருந்து அன்பை விலக்கியதுபோல் இவரிடமிருந்து விலக்கமாட்டார் (7:14-15). எனவே தண்டனை உண்டு, கைவிடுதல் இல்லை. வாக்குறுதி மரபுக்கு, அடி தனி அரசருக்கு.

இதே வாக்கைப் பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்பேடு முதல் நூல் (17:13-14) மீண்டும் தரும்போது தவறும் தண்டனையும் பற்றிய பகுதியை விட்டுவிடுகின்றது. உன் வீடு, உன் அரசு என்று சாமுவேல் நூலில் உள்ளவை அங்கு என் வீடு, என் அரசு எனக் கடவுளுக்கு உரியனவாகின்றன. அந்நூல் எழுதப்பட்ட காலத்தில் அரியணையில் தாவீதின் மரபினர் எவரும் இல்லை.

வாக்குறுதி அரசருக்குக் காப்பரண் ஆகாது என்பதைக் காட்டுபவரும் நாத்தானே. உரியாவைப் போரில் சாகவிட்டு அவர் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டபோது, ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைச் சொல்லி, அரசரையே அரசருக்கு எதிராகத் தீர்ப்பளிக்க வைக்கிறார் (2 சாமுவேல் 12).

சாலமோனும் வடநாடும்

சாலமோன் காலம் முதல் நிபந்தனைச் சொற்கள் தோன்றுகின்றன. தாவீது தம் மகனுக்கு உரைக்கும் இறுதி அறிவுரையிலும் (1 அரசர்கள் 2:4), ஆலய நேர்ச்சி மன்றாட்டிலும் (8:25), அதன்பின் சாலமோன் பெறும் காட்சியிலும் (9:4-9) வழித்தோன்றல்கள் உண்மையாய் நடந்தால் மட்டுமே அரியணை நிலைக்கும் எனப்படுகின்றது. அரசர் குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் மிகுதியாய்ச் சேர்க்கலாகாது, திருச்சட்டத்தின் படியொன்றை எழுதி வைத்து நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் அரசர் சட்டம் (17:14-20). சாலமோனோ எகிப்திலிருந்து குதிரைகளை வரவழைக்கிறார், ஆண்டொன்றுக்கு 666 தாலந்து பொன் பெறுகிறார், 700 மனைவியரும் 300 துணைவியரும் கொள்கிறார். சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டே இக்கணக்கை ஆசிரியர் எழுதியிருக்க வேண்டும். புகழுரைபோல் தொடங்கும் பட்டியல் குற்றப்பத்திரிகையாக முடிகின்றது.

சீலோவைச் சேர்ந்த இறைவாக்கினர் அகியா, தாம் அணிந்திருந்த புதிய மேலாடையைப் பன்னிரண்டாகக் கிழித்துப் பத்துத் துண்டுகளை எரொபவாமிடம் தருகிறார் (1 அரசர்கள் 11). பத்துக் குலங்கள் அவருக்குச் சேரும். தாவீதின் பொருட்டு அவர் மரபினர்க்கு எருசலேமில் ஒரு விளக்கு மட்டும் அணையாது விடப்படும். அதே மூச்சில் எரொபவாமுக்கும் ஒரு வாக்கு அளிக்கப்படுகின்றது: தாவீதைப்போல் கீழ்ப்படிந்தால் அவருக்கும் நிலையான வீடு கட்டப்படும். இங்கு 'ஆல்' என்னும் விகுதி வெளிப்படையாகவே நிற்கின்றது. எரொபவாம் பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுகளை நிறுவியபின், முதுமையால் பார்வையிழந்த அதே அகியா அக்குடும்பத்தின் அழிவை அறிவிக்கிறார். எரொபவாமின் மகனைப் பாசா என்பவர் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறார்.

வடநாடு ஏறத்தாழ 200 ஆண்டுகளில் 19 அரசர்களையும் ஒன்பது அரச குடும்பங்களையும் கண்டு, கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. ஏகூவின் குடும்பத்துக்கு மட்டும் நான்கு தலைமுறை என வரையறுத்த வாக்கு கிடைத்தது. அது எண்ணியபடி நான்கிலேயே முடிந்தது (2 அரசர்கள் 10:30, 15:12). தெற்கிலிருந்த யூதாவில், அத்தலியா என்னும் அரசியின் சில ஆண்டுகள் நீங்கலாக, ஏறத்தாழ 350 ஆண்டுகள் ஒரே மரபு ஆண்டது.

கீழ்ப்படிந்தவர் நெடிது ஆள்வார், மீறியவர் விரைவில் அழிவார் என்னும் எளிய கணக்கு யூதாவிலும் பொருந்தவில்லை. மிகக் கொடியவராகக் காட்டப்படும் மனாசே 55 ஆண்டுகள் ஆண்டார். மிகவும் போற்றப்படும் யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்திய மன்னரால் கொல்லப்பட்டார். நூலாசிரியர் இவ்விரண்டையும் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

எசாயாவும் ஆகாசும்

கி.மு. 734 அளவில் சிரியாவும் வட இசுரயேலும் கூட்டுச் சேர்ந்து, யூதாவின் அரசர் ஆகாசை நீக்கி, தபேயலின் மகன் எனப்படும் வேறொருவரை அரியணையேற்ற முற்பட்டன. வாக்குறுதிக்கு நேர்ந்த நேரடி மிரட்டல் இது. எருசலேமின் நீர்க்கால்வாய் அருகே அரசரைச் சந்தித்த எசாயா, அஞ்ச வேண்டாம், அத்திட்டம் நிறைவேறாது என்கிறார். தொடர்ந்து ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார்: நம்பிக்கையில் ஊன்றி நில்லாதவர் நிலைபெறமாட்டார் (எசாயா 7:9). நம்புதலும் நிலைபெறுதலும் எபிரேயத்தில் ஒரே வேரிலிருந்து பிறப்பவை. ஆமென் என்னும் சொல்லின் வேரும் அதுவே. தாவீதின் வீடு நிலைபெறும் என நாத்தான் கூறியபோது ஆண்ட சொல்லும் (2 சாமுவேல் 7:16) இவ்வேரைச் சேர்ந்தது. முன்னோர்க்குச் சொல்லப்பட்ட நிலைபேற்றை வழித்தோன்றல் தன் நம்பிக்கையால் எட்டிப் பிடிக்க வேண்டும் என எசாயா அச்சொல்லைத் திருப்பியுள்ளார்.

ஆகாசு அடையாளம் கேட்க மறுக்கிறார். கடவுளைச் சோதிக்கமாட்டேன் என்னும் அவரது விடை பணிவுபோல் ஒலிக்கின்றது. உண்மையில் அவர் ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் அசீரிய மன்னர் மூன்றாம் திக்லத்பிலேசருக்கு அனுப்பி உதவி வேண்டினார் (2 அரசர்கள் 16). அம்மன்னரின் கல்வெட்டொன்றும் யூதாவின் அரசரைத் திறை செலுத்தியோர் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகாசின் நாடு தப்பியது. ஆனால் அசீரியாவின் அடிமை நாடாயிற்று. இம்மானுவேல் என்னும் குழந்தையைப் பற்றிய புகழ்பெற்ற முன்னறிவிப்பு இவ்வுரையாடலில்தான் வருகின்றது. கிறித்துமசு வாழ்த்து அட்டைகளில் அதைக் காண்போர் பலர் அதன் பின்னணியிலுள்ள இவ்வரசியல் நெருக்கடியை அறிவதில்லை.

எரேமியாவும் கடைசி அரசர்களும்

ஆகாசின் மகன் எசேக்கியா காலத்தில், கி.மு. 701இல், அசீரிய மன்னர் செனகெரிபு யூதாவின் 46 அரண்சூழ் நகர்களைப் பிடித்தும் எருசலேமைக் கைப்பற்றவில்லை. தாவீதின் பொருட்டு நகர் காக்கப்பட்டது எனும் விளக்கம் (2 அரசர்கள் 19:34) காலப்போக்கில், எருசலேம் ஒருநாளும் வீழாது என்னும் உறுதிப்பாடாக மாறியது. அதனை உடைத்தவர் எரேமியா. ஆலயம் இருக்கிறது என்னும் நம்பிக்கையில் திருடிக்கொண்டும் கொன்றுகொண்டும் இருப்பவர்க்கு ஆலயம் அடைக்கலம் ஆகாது என்று அதன் வாயிலிலேயே நின்று கூறினார் (எரேமியா 7). அவரைக் கொல்ல முயன்றபோது, நூறாண்டுக்கு முன் மீக்கா இவ்வாறே பேசியும் எசேக்கியா அவரைக் கொல்லவில்லை என ஊர்ப் பெரியோர் நினைவூட்டியதால் அவர் தப்பினார் (எரேமியா 26). அரசரின் கீழ்ப்படிதலுக்கு ஓர் அரசர் முன்சான்றாகக் காட்டப்படும் இடம் இது.

இப்பகுதியில் வரும் யோயாக்கிம், யோயாக்கின் என்பார் தந்தையும் மகனும் ஆவர். பெயர் மயக்கம் ஏற்படாமல் கவனித்துப் படிக்க வேண்டும்.

யோயாக்கிம் யோசியாவின் மகன். கூலி கொடாமல் வேலை வாங்கி, கேதுருப் பலகை பதித்து, செந்நிறம் பூசி மாளிகை கட்டினார். கேதுருவில் போட்டியிடுவதாலா நீ அரசன் என்று கேட்கும் எரேமியா, அவர் தந்தை ஏழை எளியோரின் வழக்கில் நீதி வழங்கியதையும், கடவுளை அறிதல் என்பது அதுவே என்பதையும் எடுத்துரைக்கிறார் (22:13-17). கீழ்ப்படிதல் எனும்போது இறைவாக்கினர் வழிபாட்டுத் தூய்மையை மட்டும் கருதவில்லை என்பதற்கு இப்பகுதி சிறந்த சான்று. கொத்தனின் கூலி அங்கு இறையியல் கேள்வியாகின்றது.

கி.மு. 604இன் குளிர்காலத்தில் எரேமியா சொல்லச் சொல்ல பாரூக்கு எழுதிய சுருளேடு யோயாக்கிம் முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிந்ததும் அவற்றை எழுத்தர் கத்தியால் அறுத்து, எதிரே எரிந்த கணப்புச் சட்டியில் இட்டார் அரசர். சுருள் முழுவதும் எரிந்தது. எவரும் தம் ஆடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என நூல் கூறுகின்றது (எரேமியா 36). இதனை 2 அரசர்கள் 22 உடன் ஒப்பிட வேண்டும். ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட சட்ட நூல் வாசிக்கப்பட்டபோது யோசியா தம் ஆடையைக் கிழித்துக்கொண்டார். தந்தை கிழித்தது ஆடையை, மகன் கிழித்தது ஏட்டை. எபிரேயத்தில் இரண்டிற்கும் வினை ஒன்றே. எரேமியா மீண்டும் சொல்ல, பாரூக்கு மற்றொரு சுருளில் எழுதினார். முன்னதில் இல்லாத சொற்கள் பலவும் அதில் சேர்க்கப்பட்டன.

யோயாக்கின் (கோனியா எனவும் படுவார்) மூன்று மாதமே ஆண்டு, கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் கடவுளின் வலக்கை முத்திரை மோதிரமாய் இருந்தாலும் கழற்றி எறியப்படுவார், மகப்பேறற்றவர் எனப் பதிவு செய்யப்படுவார், அவர் வழித்தோன்றல் எவரும் தாவீதின் அரியணையில் அமரார் என்றார் எரேமியா (22:24-30). வாக்குறுதிக்கு இதைவிட நேரான மறுப்பு விவிலியத்தில் அரிது.

கடைசி அரசர் செதேக்கியா தீயவர் என்பதைவிட அஞ்சியவர் எனல் பொருந்தும். எரேமியாவை மறைவாக அழைத்துக் கேட்பார். கேட்டதைச் செய்யத் துணியார். முற்றுகையின்போது எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக உடன்படிக்கை செய்தார். எகிப்தியப் படை வருவதறிந்து பாபிலோனியர் தற்காலிகமாக விலகியதும், விடுவிக்கப்பட்டோர் மீண்டும் அடிமைகளாக்கப்பட்டனர் (எரேமியா 34). நகர் வீழ்ந்தபின் அவர் கண்முன்னே மக்கள் கொல்லப்பட்டனர்; பின் அவர் கண்கள் பறிக்கப்பட்டன. வரவிருக்கும் நேர்மையான அரசருக்கு, ஆண்டவரே நமது நீதி என்னும் பெயர் வழங்கும் என எரேமியா 23:6 கூறுவது செதேக்கியா என்னும் பெயரின் பொருளைக் கொண்டே அவரைக் குத்திக்காட்டுவதாகும்.

வீழ்ச்சிக்குப் பின்

வாக்குறுதி என்னவாயிற்று என்பதற்கு நாடுகடத்தப்பட்டோர் நடுவே பல விடைகள் எழுந்தன. ஆயராக ஒரு தாவீது வருவார் என்றார் எசேக்கியேல்; எனினும் அவரை அரசர் என்பதைவிடத் தலைவர் என அழைக்கவே பெரிதும் விரும்பினார். எசாயா 55:3 தாவீதுக்குரிய பேரன்பை நீங்கள் எனப் பன்மையில் விளித்து மக்கள் அனைவர்க்கும் உரியதாக்குகின்றது. அந்நூலின் 45ஆம் அதிகாரம் திருப்பொழிவு பெற்றவர் என்னும் பட்டத்தைப் பாரசீக மன்னர் சைரசுக்கே சூட்டுகின்றது. எரேமியா 33:14-26 தாவீதின் மரபு அறவே அறாது எனப் பகலையும் இரவையும் சான்றாக வைத்து உறுதி கூறுகின்றது. ஆனால் அந்நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இப்பகுதி முழுவதும் இல்லை. எனவே இது பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கோனியாவின் கதையும் முடியவில்லை. 2 அரசர்கள் நூல் அவர் 37ஆம் ஆண்டில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பாபிலோன் மன்னரின் பந்தியில் உணவருந்தியதைக் கூறி முடிகின்றது. பாபிலோனில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில் யூதாவின் அரசர் யோயாக்கினுக்கும் அவர் மைந்தர் ஐவர்க்கும் எண்ணெய் வழங்கிய கணக்கு உள்ளது. எர்ன்சுட்டு வைட்னர் 1939இல் இவற்றை வெளியிட்டார். மகப்பேறற்றவர் எனப் பதியப்பட வேண்டியவர், அரண்மனைக் கணக்கரின் பதிவில் ஐந்து பிள்ளைகளுடன் காணப்படுகிறார். அவர் பேரர் செருபாபேல் யூதாவின் ஆளுநரானபோது, கி.மு. 520இல், உன்னை முத்திரை மோதிரமாக்குவேன் என்னும் வாக்கை ஆகாய் அறிவிக்கிறார் (2:23). கழற்றி எறியப்பட்ட மோதிரம் மீண்டும் அணியப்படுகின்றது. செருபாபேல் அரசராக முடிசூடியதாக எந்நூலும் கூறவில்லை.

ஆய்வாளர் கருத்துகள்

யோசுவா முதல் அரசர்கள் வரையுள்ள நூல்கள் இணைச்சட்டத்தின் நோக்கில், நாடுகடத்தலுக்குப்பின் ஒருவரால் தொகுக்கப்பட்டவை என மார்ட்டின் நோத் 1943இல் முன்வைத்தார். வாக்குறுதி, எச்சரிக்கை ஆகிய இரு குரல்களையும் விளக்க, யோசியா காலத்தில் ஒரு பதிப்பும் வீழ்ச்சிக்குப்பின் மற்றொரு பதிப்பும் உருவாயின எனப் பிராங்க் மூர் கிராசு 1973இல் கூறினார். முந்தையது வாக்குறுதியைக் கொண்டாடியது. பிந்தையது அழிவுக்குக் காரணம் தேடியது. இரு குரல்களையும் அடுக்கடுக்காகப் பிரித்துவிடுவது வசதியானதே. ஆயினும் இறுதியாகத் தொகுத்தவர் முரணை நீக்காமல் இரண்டையும் அருகருகே விட்டுவைத்தது ஏன் என்னும் கேள்வி அதனால் தீர்வதில்லை.

மோசே வைன்பெல்டு 1970இல் வெளியிட்ட ஆய்வில், பண்டைய மேற்காசியாவில் பணியாளர்க்கு அரசர் வழங்கிய நிலக்கொடை ஆவணங்களோடு தாவீதின் உடன்படிக்கையை ஒப்பிட்டார். கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இட்டைட்டு உடன்படிக்கை ஒன்றில், கொடை பெற்றவரின் வழித்தோன்றல் குற்றம் புரிந்தால் அவரை விசாரித்துத் தண்டிக்கலாம், ஆனால் அக்குடும்பத்திடமிருந்து வீட்டையும் நிலத்தையும் பறித்தலாகாது எனக் காணப்படுகின்றது. நாத்தானின் வாக்கும் ஏறத்தாழ இவ்வடிவிலேயே உள்ளது.

தாவீதின் மரபு வெறும் புனைவு என வாதிட்டோர்க்கு 1993இல் இசுரயேலின் வடக்கே தேல் தாணில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு இடையூறாயிற்று. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில், தாவீதின் வீடு என்னும் தொடர் யூதாவின் அரச மரபைக் குறிப்பதாகப் பெரும்பாலோர் கொள்கின்றனர். இது மரபின் இருப்புக்குச் சான்றாகுமே தவிர வாக்குறுதிக்குச் சான்றாகாது.

மயிலாப்பூரும் தமிழ் வாசிப்பும்

மயிலாப்பூர், திருத்தூதர் தோமாவின் கல்லறை உள்ள இடமாகக் கிறித்தவ மரபாலும், திருவள்ளுவர் பிறந்த ஊராகத் தமிழ் மரபாலும் கருதப்படுகின்றது. வள்ளுவருக்கு இங்கு ஒரு கோயிலும் உண்டு. 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் நிறுவப்பட்டது; இன்றுள்ள சாந்தோம் பேராலயக் கட்டடம் 1896ஐச் சேர்ந்தது. திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப், மயிலைக் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ ஆசிரியரோடு உரையாடியிருக்கக்கூடும் எனக் கற்பனை செய்தார். அதற்கு வரலாற்றுச் சான்று எதுவும் இல்லை.

தொடர்பு இருந்ததாகக் கொள்ளாமலேயே இரு மரபுகளையும் ஒப்பிட இடமுண்டு. குறளின் செங்கோன்மை, கொடுங்கோன்மை அதிகாரங்கள் (55, 56) அரசன் முறைதவறினால் மழை பொய்க்கும், பசுவின் பயன் குன்றும் என்கின்றன. ஆகாபு அரசரின் தவற்றால் மழை நின்றதாக 1 அரசர்கள் 17 கூறுவது இதை ஒத்தது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பவர் இன்றியே கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தின் கருத்து. நாத்தான், எலியா, எரேமியா ஆகியோரின் பணிக்கு இடித்துரைத்தல் என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைப்பது கடினம்.

வேறுபாடும் தெளிவாகவே உள்ளது. குறளில் எந்த அரச குடிக்கும் என்றுமுள வாக்குறுதி இல்லை. எச்சோழரும் பாண்டியரும் பெயர் சுட்டப்படுவதில்லை. சிலப்பதிகாரத்தில் தன் பிழையுணர்ந்த பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்விடுகின்றான். அங்கு தண்டிப்பது அறம், அதனோடு வழக்காட இயலாது. இறைவாக்கு நூல்களில் தண்டிப்பவர் வாக்களித்தவராகவும் இருக்கிறார். ஆகையால் சொன்ன சொல்லைக் காட்டி அவரிடமே முறையிட முடிகின்றது. மெரினாவில் 1968இல் நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் வைக்கப்பட்ட கண்ணகி சிலையின் உயர்த்திய கை, அரசனை நோக்கியது. தாவீது மரபின் வீழ்ச்சியைப் புலம்பும் 89ஆம் திருப்பாடல் கடவுளையே நோக்கிக் கேட்கின்றது.

கத்தோலிக்கத் திருப்பலி வாசகங்கள் 1969இல் திருத்தியமைக்கப்பட்டபோது, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு (மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில்) நாத்தானின் வாக்கு முதல் வாசகமாக ஒதுக்கப்பட்டது. ஞாயிறாக அமையாத திசம்பர் 24ஆம் நாள் காலைத் திருப்பலிக்கும் அதுவே. இரண்டிலும் 7ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனம் முதற்பாதியோடு நிறுத்தப்பட்டு, வாசகம் 16ஆம் வசனத்துக்குத் தாவுகின்றது. தந்தை, மகன் என்னும் உறவு வாசிக்கப்படுகின்றது. தவறிழைத்தால் கோலால் அடிப்பேன் என்பதும், பேரன்பை விலக்கமாட்டேன் என்பதும் விடப்படுகின்றன. வாக்கு இயேசுவைக் குறிப்பதாகக் கொள்ளும் வழிபாட்டில் தவறிழைக்கும் மகன் என்னும் பேச்சுக்கு இடமில்லை என்பதே இதன் காரணமாகலாம். மார்ச் 19ஆம் நாள் புனித யோசேப்பு திருவிழா வாசகத்திலும் இதே வெட்டு உள்ளது.

அசுகெனாசி யூத மரபில் இப்பகுதி செமினி என்னும் வாரத்தின் இறைவாக்கு வாசகமாகும். அது 7:17 வரை இடைவிடாது செல்வதால் கோலும் பேரன்பும் சேர்த்தே வாசிக்கப்படுகின்றன. செபார்டிய மரபினர் 6:19இலேயே நிறுத்திக்கொள்கின்றனர். சாந்தோமில் திசம்பர் 24 காலை வாசகத்தைக் கேட்பவர், தம் விவிலியத்தைத் திறந்து விடுபட்ட ஒன்றரை வசனத்தையும் சேர்த்துப் படித்தால், சாலமோன் முதல் செதேக்கியா வரையான வரலாறு முழுவதும் அவ்விடைவெளியில் அடங்கியிருப்பதைக் காணலாம்.